மாடியில் ஏற்றாதீர்கள் அந்தத் தொட்டியை

திருவண்ணாமலையில் ஒருவர் பழைய ஜக்கூசி வாங்கியிருக்கிறார் என்று தெரிந்தால், தெருவே கேட்கிற முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது. "சனம் குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரிக்குக் காத்து நிக்குது, இவங்களுக்கு ஆயிரத்து முந்நூறு லிட்டர்ல உட்கார்ந்து குளிக்கணுமாம்" என்பார்கள். கோபம் நியாயமானது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தத் தொட்டி விவகாரத்தில் தண்ணீர்தான் சின்ன விஷயம். பெரிய விஷயங்கள் இரண்டு: அது உட்காருகிற இடம், அதற்குள் போகிற கரண்ட். இவற்றைப் பற்றி வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவர் சொல்வதுமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

குழாய் வேலை, மோட்டார் வேலை, வயரிங் மூன்றும் செய்து பிழைக்கிறவன் நான். செங்கம் சாலையில் ரமண நகர் தொடங்கி ஆடையூர், அடி அண்ணாமலை வரைக்கும் உள்ள தங்கும் விடுதிகளும் வாடகை வீடுகளும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வரத் தொடங்கும் வெளிநாட்டுக்காரர்கள் மாசி வரைக்கும் இருப்பார்கள். அந்த நாலு மாதத்துக்காகத்தான் வீட்டுக்காரர்கள் வருஷம் முழுக்க வீட்டைச் செப்பனிடுகிறார்கள். முதலில் மேற்கத்திய கழிப்பறை வந்தது, பிறகு சோலார் வெந்நீர், பிறகு ஏ.சி. இப்போது மலையைப் பார்த்தபடி வெந்நீரில் உட்கார ஒரு தொட்டி. புதிது வாங்கக் கட்டுபடியாகாது. கடலோர விடுதிகள் புதுப்பிக்கும்போது கழற்றிப் போடுவதும், ஊருக்குத் திரும்பிப் போகும் வெளிநாட்டவர் விற்றுவிட்டுப் போவதும் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது.

தண்ணீர்க் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். நாலைந்து பேர் உட்காருகிற தொட்டிக்கு 1,300 லிட்டர் போல வேண்டும். வடிகட்டி ஓடி, குளோரின் அளவு சரியாக இருந்தால் அந்தத் தண்ணீரைச் சுமார் மூன்று மாதம் வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் தங்கும் விடுதியில் ஷவருக்கு மட்டும் இரண்டே நாளில் அதற்கு மேல் போய்விடும். 12,000 லிட்டர் டேங்கர் ஒன்றில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மாற்றும்போதும் சாக்கடையில் விட வேண்டியதில்லை. மூடியைத் திறந்து சில நாள் வெயிலில் விட்டால் குளோரின் போய்விடும், தென்னைக்குப் பாய்ச்சலாம். ஒவ்வொரு குளியலுக்கும் நிரப்பிக் கொட்டுகிற பாத் டப்பை யாரும் திட்டுவதில்லை. ஊர்த் தண்ணீரை நிஜமாகவே குடிக்கிறது அதுதான்.

இனி இடத்துக்கு வருகிறேன். ரமண நகர்ப் பக்கம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், மேல்மாடியை வாடகைக்கு விடுகிறவர், கடலோர விடுதி ஒன்றிலிருந்து பழைய தொட்டியை வாங்கி லாரியில் இறக்கிவிட்டார். கிரேனுக்கும் சொல்லியாகிவிட்டது. "தம்பி, மொட்டை மாடியில நடுவுல வச்சிடு. படுத்துக்கிட்டே அருணாசலத்தப் பார்க்கலாம்" என்றார். நான் முடியாது என்றேன். "ஏன் முடியாது? மேல ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் இல்லையா?" என்று அவருடைய அண்ணன் மகன் கேட்டார். இதே கேள்வியை இந்த ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். எனவே பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 1,300 லிட்டர் தண்ணீர், 300 கிலோ தொட்டி, உள்ளே நாலு பெரியவர்கள் 280 கிலோ. மொத்தம் 1,880 கிலோ, ஏறக்குறைய இரண்டு டன். அது ஏழு அடிக்கு ஏழு அடி இடத்தில் உட்காருகிறது. சதுர அடிக்கு 38 கிலோ. ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர நெறி சொல்லும் பளு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன். நம் கணக்கில் சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. கட்டடத்தை ஒழுங்காக வரைந்து கட்டியவர்கூட அந்தப் பதினாலை மனதில் வைத்துத்தான் கம்பி போட்டிருப்பார். வரையாமல் மேஸ்திரி கணக்கில் எழும்பிய மாடிகள் எத்தனை என்று ஊர்க்காரர்களுக்கே தெரியும்.

சின்டெக்ஸ் டேங்க் ஏன் தாங்குகிறது? அது மாடி நடுவில் நிற்பதில்லை. மாடிப்படி அறைக்கு மேலோ, மூலையில் இரண்டு சுவர் சேரும் இடத்திலோ, தூணிலிருந்து எழுப்பிய மேடையிலோ நிற்கிறது. எடை சுவர் வழியாகவும் தூண் வழியாகவும் தரைக்கு இறங்கிவிடும். ஜக்கூசியை யாரும் மூலையில் வைப்பதில்லை. மலை தெரிய வேண்டுமே! நடு ஸ்லாபில்தான் வைக்கிறார்கள். வளைந்து கொடுக்கிற இடம் அதுதான். மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் கான்கிரீட்டே கிடையாது; மரக்கட்டை அடுக்கி, செங்கல் பதித்த மெட்ராஸ் டெரஸ். அந்தக் கட்டைகளில் கரையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. புதிய மாடியாகவே இருந்தாலும், மழைநீர் இறங்காமல் இருக்கச் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு என்று ஏற்கெனவே ஒரு பாரம் ஏறியிருக்கும். அதன்மேல் தொட்டி வைத்தால், தொட்டிக்கு அடியில் ஒரு சொட்டுக் கசிவு யார் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பி துருப்பிடித்து, காரை உப்பி, கீழ் அறையில் துண்டு விழும்போதுதான் தெரியவரும். அந்தக் கீழ் அறையில் ஒரு குடும்பம் தூங்குகிறது.

2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்ததை இந்த ஊர் மறக்க முடியாது. மலைச்சரிவில் வீடு வைத்திருப்பவர்கள் மாடி தாங்குமா என்பதோடு நிறுத்தக் கூடாது. அஸ்திவாரத்துக்கு அடியில் உள்ள மண்ணையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரத்து முந்நூறு லிட்டரை ஒரே மூச்சில் சரிவில் திறந்துவிடவும் கூடாது.

டீச்சரம்மாவுக்கு என்மேல் வருத்தம். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து காட்டினார். அவரும் அதையே சொன்னார். கடைசியில் கொல்லையில் துவைக்கிற கல்லை அடுத்து இடம் பார்த்தோம். மண்ணைத் தோண்டி, திம்மிசுக் கட்டையால் அடித்து இறுக்கி, கம்பி வலை போட்டு நாலு அங்குலத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டோம். ரசமட்டம் வைத்துப் பார்ப்பது இதில் முக்கியம். தளம் ஒரு பக்கம் சாய்ந்தால் நிரம்பிய தொட்டி முறுக்கிக்கொள்ளும், உடம்பில் விரிசல் விடும். தளம் நன்றாக ஆறுவதற்குள் ஒரு பௌர்ணமி வந்து போனது. அன்றைக்குக் கிரிவலப் பாதையில் வண்டியே நுழைய முடியாது; தொட்டியை நகர்த்த ஆள் வைக்கிறவர்கள் நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டி தளத்தில் உட்கார்ந்த பிறகு பக்கப் பலகையைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு போன்ற ஃபோமில் எலி குடைந்து கூடு கட்டியிருந்தது. இரண்டு ஒயரின் மேல்தோல் கடிபட்டு, செம்பு மினுங்கியது. மோட்டாரின் வயிற்றுப் பக்கம் அலுமினியத் தகடு ஒன்று, தூசியும் கடல் உப்பும் ஏறி வெள்ளையாக இருந்தது. ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க எழுத்து வெளியே வந்தது: 60 ஹெர்ட்ஸ். அமெரிக்க மோட்டார். நம் நாட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜ் ஏறக்குறையப் பொருந்துவதால் ஓடத்தான் செய்யும். ஆனால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைவாக ஓடும், காயில் சூடேறும், சீக்கிரம் கருகும். அதைவிட மோசம், அமெரிக்கத் தொட்டிகளில் ஓசோன் கருவி போன்ற சில பாகங்களுக்கு 120 வோல்ட்தான். அங்கே இரண்டு உயிர் ஒயரும் ஒரு நியூட்ரலும் தனித்தனியாக வரும். அது தெரியாமல் இங்கே இரண்டு ஒயரை முறுக்கிச் செருகினால் அந்தப் பாகம் முதல் நிமிஷத்திலேயே புகையும். ஆகவே பழைய தொட்டி வாங்கப் போகிறவர் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். பலகையைக் கழற்றச் சொல்லித் தகட்டைப் படியுங்கள். விற்கிறவர் இடத்திலேயே தண்ணீர் நிரப்பி, ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மோட்டார் வேலை செய்கிறவனுக்கு ஜக்கூசி என்ற பெயர்மேல் மரியாதை உண்டு. இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப்போன சகோதரர்களின் குடும்பப் பெயர் அது. முதலில் விமானத்துக்கு விசிறி செய்தார்கள், பிறகு விவசாயக் கிணறுகளுக்குப் பம்பு செய்தார்கள். அவர்களில் ஒருவரான காண்டிடோவின் மகனுக்குச் சின்ன வயதிலேயே முடக்குவாதம். மருத்துவமனையில் கிடைத்த நீர்ச் சிகிச்சையை வீட்டிலேயே கொடுப்பதற்காக அப்பா ஒரு சின்னப் பம்பைச் செய்து குளியல் தொட்டிக்குள் இறக்கினார். அந்தக் குடும்பத்து அடுத்த தலைமுறைக்காரர் ராய், 1968இல் தொட்டியோடு சேர்த்தே ஜெட் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். மூட்டுவலிக்காரப் பிள்ளைக்காகப் பிறந்த பொருள் இது. டீச்சரம்மாவுக்கும் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கிரிவலம் பதினாலு கிலோமீட்டரை இப்போது ஆட்டோவில்தான் சுற்றுகிறார். அவர் வெந்நீரில் உட்காருவதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒப்புக்கொள்ள முடியாதது வேறு ஒன்று. அந்தத் தொட்டியில் அடிப்பக்கத்து உறிஞ்சுவாயின் மூடியைக் காணோம். விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் சல்லடை, அவ்வளவுதான். 2002இல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி வர்ஜீனியா கிரேம் பேக்கர் இப்படிப்பட்ட ஒரு வாயின் உறிஞ்சலில் அகப்பட்டு வெந்நீர்த் தொட்டிக்குள்ளேயே மூழ்கி இறந்தாள். அந்நாட்டின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அவளை இழுத்தெடுக்க இரண்டு ஆண்கள் தேவைப்பட்டார்கள். அப்படி இழுத்தும் காப்பாற்ற முடியவில்லை. தாய் விடாமல் போராடியதால் 2007 டிசம்பரில் அவள் பெயரிலேயே சட்டம் வந்தது. அங்கே பொதுக் குளங்களிலும் பொதுத் தொட்டிகளிலும் உறிஞ்சுவாய்க்குப் பாதுகாப்பான மூடி இருந்தே ஆக வேண்டும். இங்கே நமக்கு வந்து சேரும் பழைய தொட்டிகளில் பல அந்தச் சட்டத்துக்கு முந்தியவை. மூடி உடைந்திருந்தால், இல்லாமலிருந்தால், தண்ணீர் நிரப்பவே கூடாது. டீச்சரம்மா வீட்டுக்குச் சரியான மூடி வரும்வரை காத்திருந்தோம். சீசன் தொடங்கி வாடகைக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஆனாலும் அவர் அவசரப்படுத்தவில்லை.

கரண்டு விஷயத்தில் என் சக தொழிலாளிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஹீட்டர் 3 கிலோவாட், பம்புகள் தனி. இதைக் கீசர் பிளக்கில் செருகுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மெயின் போர்டிலிருந்து தனி லைன், பளுவுக்கேற்ற தடிமனில் செம்பு ஒயர், கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., தொட்டியில் இருப்பவர் கைக்கு எட்டாத ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்துவதற்கு ஒரு சுவிட்ச். எர்த் குழியை வருஷா வருஷம் பார்க்க வேண்டும். நம்முடையது பாறை பூமி. பங்குனி, சித்திரையில் மண் காய்ந்துவிட்டால் எர்த் பேருக்குத்தான் இருக்கும். ஈர உடம்போடு வெந்நீரில் உட்கார்ந்திருக்கிறவருக்குச் சின்னக் கசிவே எமன். வீட்டுக்கு வாங்கிய மின்பளு போதுமா என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். செலவும் தெரிந்திருக்கட்டும். 27 டிகிரியில் இருக்கும் 1,300 லிட்டரை 38க்குக் கொண்டுபோக 17 யூனிட் வரை ஆகும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஐந்தரை மணி நேரம். இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு ஒரே நாளில் போய்விடும். கனமான மூடி போட்டால் மறுநாள் கொஞ்சம்தான் சுட வைக்க வேண்டிவரும். சித்திரையில் ஹீட்டரே வேண்டாம். நம் ஊர் வெயில் போதும்.

தண்ணீரின் சுத்தம் பிந்தி வருகிறது என்பதால் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி. அங்கே காட்சிக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியின் நீர்த்திவலைகளில் லீஜியோனெல்லா என்ற கிருமி பரவி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் நிமோனியாவில் இறந்தார்கள். அவர்கள் தொட்டியில் இறங்கியவர்கள் அல்லர், பக்கத்தில் நடந்துபோனவர்கள். வெதுவெதுப்பான, மருந்து போடாத, குமிழி கிளப்புகிற தண்ணீர் அந்தக் கிருமிக்கு விளைநிலம். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பழைய தொட்டியின் உள்குழாய்களில் கொழகொழவென்று பாசிபோல் ஒரு படலம் படிந்திருக்கும். டீச்சரம்மா வீட்டில் நிரப்பி, குழாய் சுத்தம் செய்யும் மருந்தை ஊற்றி ஓடவிட்டபோது பழுப்பு நுரை விளிம்பு வரை பொங்கியது. வடித்துவிட்டு மறுபடி நிரப்பினோம், மறுபடியும் நுரை. நுரை வெள்ளையாகிற வரைக்கும் விடவில்லை. அதன்பின் புது வடிகட்டி. குளோரின் 3 பி.பி.எம்.முக்குக் குறையக் கூடாது, பி.எச். 7.2க்கும் 7.8க்கும் நடுவில். சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆள் இறங்கும் முன்பு தினமும் பார்க்க வேண்டும்.

போர் தண்ணீர் இங்கே பெரும்பாலும் உப்புத் தண்ணீர். கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளைப் பொருக்கு எப்படி ஏறும் என்று. முடிந்தால் மழைநீரைப் பிடித்து நிரப்புங்கள், இல்லையென்றால் மென்னீர்க் கருவி வழியாக விடுங்கள். குடிக்க வருகிற சாத்தனூர் தண்ணீரை இதற்கு எடுக்காதீர்கள். அந்த ஒரு விஷயத்தில் தெருக்காரர்களின் கோபம் முழுக்கச் சரி. நிரப்பும்போது ஹோஸைத் தொட்டிக்குள் போடாமல் வடிகட்டி வைக்கும் குழிக்குள் விடுங்கள். பம்பில் காற்று அடைக்காது. ஒன்றிரண்டு யூனியன் இணைப்பில் சொட்டும், காய்ந்துபோன ஓ-ரிங்கை மாற்றினால் நின்றுவிடும்.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. பௌர்ணமி இரவில் விரதமிருந்து, வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர் நடந்து வந்து, நேராக 40 டிகிரி வெந்நீரில் இறங்குகிறார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும், வயிறு காலியாக இருக்கும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். எழுந்திருக்கும்போது கண் இருட்டி விழுந்தால் தலை விளிம்பில்தான் மோதும். முதலில் தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரம் உட்காரட்டும். 38 டிகிரி போதும், பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். நாற்பதைத் தாண்டவே கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சின்னக் குழந்தைகளை இறக்கவே வேண்டாம். இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லி எல்லா விடுதிக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. விடுதிகளை மாநகராட்சி பார்வையிடும்போது தீயணைப்புக் கருவியைப் பார்க்கிறார்கள், கழிவுநீர்த் தொட்டியைப் பார்க்கிறார்கள். வெந்நீர்த் தொட்டியையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மாடியில் இருந்தால் கட்டடப் பொறியாளரின் கையெழுத்து, எங்கே இருந்தாலும் உரிமம் பெற்ற வயர்மேனின் கையெழுத்து, உறிஞ்சுவாய்க்கு மூடி, தினசரி குளோரின் எழுதும் நோட்டு. இந்த நாலும் இல்லாத தொட்டிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. பழைய தொட்டி விற்கிறவர் மோட்டார்த் தகட்டின் விவரத்தை ரசீதிலேயே எழுதித்தர வேண்டும். அதிகாரிகளுக்கு இது புதுச் சாமான் என்பது எனக்குத் தெரியும். அடுத்த தீபத்துக்கு முன்னால் ஆய்வுக்குப் போவதானால் சொல்லி அனுப்பட்டும். பலகையைக் கழற்றவும் தகட்டைத் துடைத்துக் காட்டவும் கூலி வாங்காமல் கூடவே வருகிறேன்.